கேட்டால் மட்டும் அமுக்கவும்

காதைச் சோதிக்கிற பிளெஸ்ஸி என்கிற பெண் கனத்த கதவை இழுத்துச் சாத்தியதும் நடைகூடத்துச் சத்தமெல்லாம் ஈரச்சாக்குப் போட்டு மூடினாற்போல அடங்கிப்போயிற்று. துளசிமணியின் வலது காதுக்குள் மட்டும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போதும் ஓடுவதுதான். ஆறு வருசமாக ஓடுகிறது. நாலு பேர் பேசும் இடத்தில் அமுங்கிக் கிடக்கும், சுற்றிலும் அடங்கினால் தலையைத் தூக்கும். சுவரெங்கும் மேடும் பள்ளமுமாய் ஸ்பாஞ்சு ஒட்டிய, ஒரு நாற்காலிக்கு மேல் இடமில்லாத இந்தப் பெட்டியறை அதற்கு வாகாகப் போய்விட்டது, கல்யாண வீட்டில் மைக் கிடைத்தவனைப்போல நிறுத்தாமல் பாடுகிறது. தலையில் ஹெட்போன், கையில் ஒயரோடு ஒரு பட்டன். கூன்னு ஒரு சத்தம் வரும்மா, எவ்வளவு மெல்ல வந்தாலும் சரி, கேட்டா இதை அமுக்கணும், கேட்டா மட்டும், என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி வழியாக அவளுடைய மேசை தெரிகிறது, அவளுக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவு, கதவுக்கு வெளியே வரிசையாக இரும்பு நாற்காலிகள், மூன்றாவது நாற்காலியில் துளசிமணியின் துணிப்பை. பைக்குப் பக்கத்தில் வீட்டுக்காரர் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் கீழே ரிசல்ட் தருவார்கள், வாங்கப் போயிருக்கிறார். கூ என்றது. அமுக்கினாள். கூ என்றதா, மோட்டார்தானா? பிளெஸ்ஸி எதையோ குறித்துக்கொண்டாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது நிச்சயமாகக் கேட்டது, அமுக்கினாள். இப்போது கேட்டதுபோல இருந்தது, அமுக்கலாமா, அமுக்கிவிட்டாள். ஹெட்போனுக்குள் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "அவசரப்படாதீங்கம்மா. இது பரீட்சை இல்ல. இப்ப நான் ஒண்ணுமே வைக்கல." துளசிமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் இருபத்தாறு வருசம் அமைப்பாளராக இருந்தவள், பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவள்போல உட்கார்ந்திருக்கிறாள்.

மோட்டார் என்று அதற்குப் பெயர் வந்த கதை அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மத்தியானம், ஏனுங்க, கெணத்து மோட்டார நிறுத்தாம வந்துட்டீங்களா, ஓடுற சத்தம் கேக்குது பாருங்க என்றாள். சென்னியப்பன் சோற்றில் கை வைத்திருந்தவர், கையைக் கழுவிக்கொண்டு வெயிலில் அவ்வளவு தூரம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, ஓடல புள்ள என்றார். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் அவர் செருப்பை மாட்டும்போதுதான் அவளுக்கே உறைத்தது, வாசலில் நின்றாலும் அதே சத்தம், அடுக்களையில் நின்றாலும் அதே சத்தம், வயலைப் பார்த்துத் திரும்பினாலும் முதுகு காட்டினாலும் அதே சத்தம். இருங்க, போவாதீங்க, இது எங்காதுக்குள்ள ஓடுதாட்ட இருக்குது என்றாள். தெரியும் புள்ள என்றார் அவர். தெரிஞ்சுமா மூணு நாளு வெயில்ல போனீங்க? அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. அவர் பேச்சு அப்படி. கால்நடை ஆய்வாளராக முப்பத்து நாலு வருசம். கன்று மாட்டிக்கொண்ட பசுவின் காதோரம் குனிந்து, நில்லு சாமி, நில்லு சாமி என்று முணுமுணுத்தே வேலை பார்த்தவர். சத்தம் போட்டா மாடு மிரளும் என்பார். மாட்டுக்காகப் பழகின குரல் மனுசருக்கும் அதுவேயாகிவிட்டது. கல்யாணமான புதிதில் அவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தண்ணீர் கேட்டால் துண்டு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள், அப்போது அவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. அந்த மனுசர்தான் இப்போது கத்துகிறார். அறுபது வயதில் கத்தக் கற்றுக்கொண்டார். முதல் முதலாகக் கத்தினபோது தொண்டை கட்டிக்கொண்டு, அவரே அவர் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். கூ. அமுக்கினாள். இது உண்மை.

மூத்தவள் மேகலையைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு துளசிமணியை மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் கூப்பிட்டுப்போய், ரகசியம் பேசுகிற முகத்தோடு, அவங்களுக்குப் புடிச்சிருக்குதாமா, உனக்குப் பையனப் புடிச்சிருக்குதா புள்ள என்று கத்தினாரே. உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள், மாப்பிள்ளைப் பையனே எழுந்து வந்து, அத்தை பதிலச் சொல்லீருங்க என்றான், அதிலேயே பேச்சு முடிந்துபோயிற்று. இப்போது மேகலைக்கு ஏழு மாதம். இந்த நினைப்பு வந்ததும் துளசிமணியின் கட்டைவிரல் பட்டன்மேல் நின்றுவிட்டது. ஏழு மாதம். ஐப்பசியில் பிறக்கும். ஐப்பசியில் நான் எங்கே இருப்பேன். வீட்டிலா, இங்கேயா, மறுபடி அந்தக் கதிர் மிசினுக்கு அடியில் படுத்துக்கொண்டா. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், கூ வருகிறதா பார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டிருந்தது, வாய்க்காலில் முங்கி எழுந்தால் தண்ணீர் போய் அடைக்குமே, அதுபோல. கொட்டாவி விட்டாள், எச்சில் விழுங்கினாள், எச்சிலே ஊறாத வாயில் எதை விழுங்க, பாட்டில் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள், விடவில்லை. அவரிடம் சொல்லாமல் மூன்று நாள் இருந்தாள். ஏனென்றால் முதல் தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போதும் இதே வலது காது. சளி கோத்திருக்கும் என்று பூண்டு தட்டிப்போட்ட எண்ணெயைச் சூடாக்கி ஊற்றினாள், ஆவி பிடித்தாள், இரண்டு மாதம் ஓடிப்போயிற்று. அப்புறம் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே, யாரும் எட்டிப் பார்க்க முடியாத ஒரு பொந்தில் அது உட்கார்ந்திருந்தது. அங்கே அப்படி ஒரு இடம் இருப்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. காதுக்குத் தெரிந்திருந்தது. காதுதான் முதலில் சொன்னது. வாய் சொல்லவில்லை, மூக்கு சொல்லவில்லை, உடம்பில் வேறெதுவும் சொல்லவில்லை, இந்தக் காது மட்டும் அடைத்து அடைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தது, அவள்தான் அதன் வாயில் எண்ணெய் ஊற்றினாள்.

இப்போதும் அதுதான் சொல்கிறதோ? போன வாரம் டாக்டர் மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்தார். பழைய இடத்துல கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும்மா, பயப்பட வேண்டாம், துளி சதை எடுத்து அனுப்பிடலாம் என்றார். அந்த ரிசல்ட்தான் இன்றைக்கு. பயப்பட வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எதற்காகச் சொல்கிறார்கள், பயப்படுகிற விசயம் இருப்பதால்தானே. இல்லை, அந்த டாக்டர் நல்லவர், போன தடவையும் மறைக்காமல் சொன்னவர். ரேடியேஷன் என்று அவர் சொன்னதை ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள். முப்பத்தஞ்சு நாள் கரண்ட் வைக்கணும், வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தணும், உமிழ்நீர் போகும், ருசி போகும், காது நரம்பும் பாதிக்கலாம், அந்தக் காது கதிர் போற வழியிலேயே இருக்கு, சுத்திப்போக வழியில்லம்மா என்றார். காது போனாப் போவட்டுங்க, என்னைய வீட்டுக்கு அனுப்பீருங்க என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள், யாரோ ஒருத்தியுடைய காதைப்போல. இதேமாதிரிதான் கரண்ட் வைக்கிற அறையிலும் ஒரு கனத்த கதவு. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலையை மூக்கும் வாயும் அழுந்த மாட்டி, மேசையோடு சேர்த்து நாலு பக்கமும் கிளிப்பைப் போட்டுவிட்டு, எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். அவள் மட்டும். அசையக் கூடாது. கண்ணைத் திறந்தால் வலையின் கண்கள். முதல் நாள் மூச்சு முட்டி, செத்துப்போவேன் என்று நினைத்தபோது தானாக வாய்க்குள் ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேடு ஓட ஆரம்பித்தது. அபிநயா, ஆதவன், இளவேனில், கோகிலவாணி, சஞ்சய், தர்ஷினி. ஒவ்வொரு பெயருக்கும் முகம், முகத்துக்குத் தட்டு, தட்டில் சோறு. நாலாம் வகுப்பு பாதி வரும்போது மிசின் நின்றுவிட்டது. மறுநாளும் நாலாம் வகுப்பு பாதி. முப்பத்தைந்து நாளும் அத்தனை பிள்ளைகளும் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்கு இந்நேரம் மீசை முளைத்திருக்கும், தாவணி போட்டிருப்பார்கள். தெரியாமல் செய்த உதவிக்கு யாரிடம் போய்க் கையெடுத்துக் கும்பிடுவது.

"இப்ப இடது காதும்மா." இடது காது பரவாயில்லை, இதில் கூ என்பது கூ என்றே வருகிறது, கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தொலைவிலிருந்து. அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கினாள். மெல்லிசான சத்தங்கள் மட்டும் எங்கேயோ கழன்றுபோயிருக்க வேண்டும், ஏனென்றால் பிளெஸ்ஸியின் விரல் குமிழைத் திருகுவது தெரிகிறது, காதில் ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளின் குரலும் அப்படித்தான். வேலைக்குத் திரும்பிப் போன முதல் நாள் வரிசையில் நின்ற பிள்ளைகள் வாயை வாயைத் திறந்தார்கள், ஒன்றும் விழவில்லை, போதுங்கிறார்களா இன்னும் கேட்கிறார்களா தெரியாமல் கரண்டியோடு நின்றாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. யார் ஆரம்பித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது, இரண்டாம் நாள் ஒரு பெண் தட்டை நெஞ்சுக்கு உயர்த்திக் காட்டினாள், இன்னும் வேண்டும் என்று. அடுத்தவள் தட்டின்மேல் கையை வைத்து மூடினாள், போதும் என்று. ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அதுவே பாசையாகிவிட்டது. இப்போது சேருகிற பிள்ளைகள் சத்துணவு என்றாலே இப்படித்தான் வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவர் வந்துவிட்டார். நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார், கையில் பழுப்பு உறை. பிரித்தாரா? பிரித்திருக்கிறார், உறையின் வாய் கிழிந்திருக்கிறது, உள்ளே இருப்பது இங்கிலீசில் இருக்கும், மாட்டு மருந்துச் சீட்டு அவருக்குப் புரியும், இது புரியாது. காகிதத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்க்கிறார், கிட்டே பிடித்துப் பார்க்கிறார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை. கண்ணாடி இருக்கிறது, நான் இருக்கிறேன், ஒரு தரம் பார்த்தால் என்ன. அவர் டாக்டர் அறைப் பக்கம் போய்விட்டார், நாற்காலியில் மறுபடி பை மட்டும். ஒரே இடத்தில் இரண்டாம் தடவை கரண்ட் வைப்பது லேசில்லை என்று இங்கேயே யாரோ ஒரு அம்மா போன வருசம் சொன்னாளே, அந்த அம்மாவை அப்புறம் பார்க்கவில்லையே, அவள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள், அப்படித்தான் இருக்கும், வேறு ஆஸ்பத்திரிக்குத்தான்.

"இப்ப வார்த்தை சொல்றேம்மா, கேட்டதத் திருப்பிச் சொல்லணும், சரிங்களா?" என்றாள் பிளெஸ்ஸி, வாயை ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டாள். உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதாம், ஆறு வருசமாக உதட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எப்படித் தெரிந்ததோ. இடது காதுக்கு மரம் வந்தது, மரம் என்றாள். வண்டி வந்தது, வண்டி என்றாள். வலது காதுக்கு மாறினதும் வார்த்தைகள் தலையில்லாமல் வந்தன, உடம்பு மட்டும் நடந்து வந்து நின்றது, தலையை இவள்தான் ஒட்ட வைக்க வேண்டும். டை என்று முடிகிறது, கடையா, வடையா, குடையா, ஏதோ ஒன்றைச் சொன்னாள். அடுத்தது ட்டி என்று முடிந்தது. பட்டியா. சட்டியா. கட்டியா. அந்த மூன்றாவது சொல் முள்போல மாட்டிக்கொண்டது, அதைத்தான் சொன்னாளோ, கட்டி என்றுதான் சொன்னாளோ, இப்படிப்பட்ட இடத்தில் அந்தச் சொல்லை வைப்பார்களா, வைக்க மாட்டார்கள். ஆனால் இங்கே இருக்கிற எல்லோருக்கும் அது அன்றாடச் சொல்தானே, நமக்கு உப்பு புளி மாதிரி. சொன்னால் வந்துவிடுமா? வாயால் சொன்னால் வந்துவிடும் என்று இருக்கிறதா? "சட்டி," என்றாள் துளசிமணி, வேண்டுமென்றே உரத்து. பிளெஸ்ஸி குறித்துக்கொண்டாள். சரியா தப்பா, காட்டவில்லை. தப்பாகவே இருக்கட்டும், இந்த ஒரு மதிப்பெண் எனக்கு வேண்டாம். அப்போது கண்ணாடியில் அசைவு. டாக்டர் அறை வாசலில் அவர். தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கிறார், தோள் குலுங்குகிறது. துளசிமணியின் கையிலிருந்த பட்டன் மடியில் விழுந்தது. முப்பத்தொரு வருசத்தில் அவர் அழுது இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். ஒரு எருமை கன்று ஈனும்போது தாயும் போய்க் கன்றும் போய், முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து திண்ணையில் சாய்ந்து அழுதார். இன்னொரு தடவை, சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து, எதைக் கொடுத்தாலும் கரைத்துக் கரைத்து மூக்குக் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்த காலம் போய், அவள் முதல் முதலாக ஒரு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து மென்று விழுங்கினபோது. ஒன்று சாவுக்கு, ஒன்று இட்லிக்கு. இந்தத் துண்டு எதற்கு.

பாவம், இந்த மனுசர் எத்தனை நாள் இட்லியைக் கரைத்திருப்பார். வெடித்த வாயில் மருந்து தடவ விரல் நடுங்காமல் எத்தனை நாள். அவளுக்கு வாந்தி வரும் நேரத்தை அவளுக்கு முன்னால் தெரிந்துகொண்டு பாத்திரத்தோடு நிற்பார், மாட்டுக்கு வலி எடுப்பதைக் கண்ணைப் பார்த்தே சொல்கிறவர். எதுவாக இருந்தாலும் சரி, என்று நினைத்தாள், அந்த நினைப்பு வந்ததும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆறு வருசம் கொடுத்தாயிற்று. கேட்டது வீட்டுக்கு அனுப்புங்கள் என்பது மட்டும்தான், அனுப்பினார்கள், கூடவே ஆறு பொங்கல், ஒரு கல்யாணம், எத்தனை ஆயிரம் தட்டுச் சோறு. எதுவாக இருந்தாலும் சரி. சரியில்லை, ஐப்பசி வேண்டும், ஐப்பசியாவது வேண்டும், இன்னும் இருந்தால் இன்னும் வேண்டும், தட்டை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் வந்துகொண்டிருந்தார். பிளெஸ்ஸி எழுந்து, சார், டெஸ்ட் முடியல என்றதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை, பொறுமைக்குப் பேர்போன மனுசர் அவளைத் தாண்டி வந்து கனத்த கதவைத் தோளால் தள்ளித் திறந்து, ஒரு ஆள் இடத்தில் இரண்டாம் ஆளாக முட்டிக்கொண்டு நுழைந்தார். முகம் நனைந்திருந்தது. உதடு அசைந்தது. பழைய குரல், மாட்டுக் குரல், ஒரு எழுத்தும் விழவில்லை. "கேக்கலீங்க," என்று ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அவர் நினைவு வந்தவர்போல அவளுடைய இடது பக்கம் வந்து குனிந்தார், மூச்சை இழுத்தார். "ஒண்ணுமில்ல புள்ள!" என்று கத்தினார். "அது வருல! வெறும் தழும்பாம்! கரண்ட் வெச்ச எடம் காஞ்சு போயிருக்குதாம்! காதுக்குள்ள தண்ணி கோத்துக்குதாம், அதுதான் அடைப்பாம்! ஓட்ட போட்டு எடுத்தர்லாமாம்! நரம்பு போனது போனதுதானாம், காதுக்கு மிசினு வெச்சுக்கோணுமாம்! அது வருல புள்ள, வருல!" திறந்த கதவு வழியாக அந்தச் சத்தம் நடைகூடம் முழுக்கப் போயிற்று. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு வயசாளி கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார், பிளெஸ்ஸி வார்த்தைப் பட்டியலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. துளசிமணிக்கு ஒவ்வொரு சொல்லும் தலையோடும் காலோடும் கேட்டது. மோட்டார் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஓடட்டும், நரம்பு போனால் போகட்டும், மிசினும் வைக்கட்டும். அவள் அவருடைய ஈரமான கன்னத்தைப் பார்த்தாள், கத்திக் கத்தி நரம்பு புடைத்த கழுத்தைப் பார்த்தாள், முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியா வெளங்கலீங்க," என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் மறுபடி மூச்சை இழுத்தார்.